பாபர் பாதுஷா மதுவை விட்ட வரலாறு

இந்தியாவில் மொகலாய சாம்ராஜ்யத்தை நிறுவிய பாபர் பாதுஷாவை அறியாதார் நம்மில் இல்லை. பானிபட்டுப் போரை நாம் யாவரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கின்றோம். ஆனால் அம்மன்னர் பல ஆண்டுகள் மதுவுக்கு அடிமையாக இருந்தார் என்பதும், தமது 44ஆம் வயதில் அதனைத் துறந்து, இறக்கும் நாள்வரை மீண்டும் தொடவில்லை என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதிகளாகும். இவற்றை விரோதிகள் எவரும் அவதூறாக எழுதி வைக்கவில்லை. பாபரே தம் தாய்மொழியாகிய சகதாய்த் துருக்கியில் எழுதிய பாபர் நாமாவில் ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கின்றார். தாம் குடித்ததையும், குடித்து வாந்தியெடுத்ததையும், விட்டதையும், விட்டபின் பட்ட வேதனையையும் அவர் எழுதினார்.

இவ்விதழைப் படிப்போர் பெரும்பாலும் வணிகப் பெருமக்கள். ஒரு பாதுஷாவின் கதை நமக்கெதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கடன்பட்டவன் தவணைமேல் தவணை சொல்லுவதைக் கடையிலே நாம் நாள்தோறும் காண்கின்றோம். பாபரும் இப்படித்தான் தமக்குத் தாமே தவணை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கை அவர் எப்படித் தீர்த்தார் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

இளமையும் பேணுதலும்

பாபர் 1483ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி, இன்றைய உஸ்பெக்கிஸ்தானிலுள்ள பர்கானாப் பள்ளத்தாக்கில் பிறந்தார். தந்தை வழியில் தைமூரின் சந்ததி. தாய் வழியில் செங்கிஸ்கானின் சந்ததி. தந்தையார் உமர் ஷைகு மிர்ஸா 1494இல் ஒரு விபத்தில் மாண்டார். அவர் நின்றிருந்த புறாக்கூண்டு மாடம் பள்ளத்தில் சரிந்து விழுந்ததுதான் காரணம். பதினோரு வயதுப் பாலகர் அரியணை ஏறினார்.

அவர் பிறந்த குடும்பத்தில் மது சாதாரணமாகப் புழங்கிற்று. தந்தையார் முதலில் மிகுதியாகக் குடித்தவர். பிற்காலத்தில் வாரத்துக்கு ஓரிரு முறை மது விருந்து நடத்தியவர். பெரிய தந்தையார் சுல்தான் அஹ்மது மிர்ஸாவோ, குடிக்கத் தொடங்கினால் இருபது முப்பது நாள் ஓயாமல் குடிப்பார். நிறுத்தினால் அதே அளவு நாள் தொடாதிருப்பார். இவற்றையெல்லாம் பாபரே பதிந்து வைத்திருக்கின்றார்.

இத்தகைய வீட்டில் வளர்ந்தும் சிறுவர் பாபர் மதுவைத் தொடவில்லை. தந்தையார் கொடுத்தபோதும் ஏதேனும் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். தந்தை இறந்தபின் காஜா காஜி என்னும் பெரியாரின் நல்லுபதேசம் அவருக்குக் கிட்டியது. சமர்கந்தில் வாழ்ந்த நக்ஷபந்தியா ஞானி காஜா உபைதுல்லாஹ் அஹ்ரார் அவர்களின் சீடர் அப்பெரியார். அவருடைய சகவாசத்தால், சந்தேகத்துக்குரிய உணவைக்கூடத் தவிர்க்கும் பேணுதல் இளைஞரிடம் குடிகொண்டது. பின்னர் கலகக்காரர்கள் காஜா காஜியைப் பிடித்துத் தூக்கிலிட்டுவிட்டனர். வழி காட்டிய கை போயிற்று.

பாபரின் இளமைப் பருவம் ஓட்டமும் அலைச்சலுமாகக் கழிந்தது. 1497இல் சமர்கந்தைப் பிடித்தார். நூறு நாள் வைத்திருந்து இழந்தார். 1500இல் மீண்டும் பிடித்தார்; மறு ஆண்டே உஸ்பெக்குத் தலைவர் ஷைபானி கானிடம் பறிகொடுத்தார். பிறந்த மண்ணும் கைவிட்டுப் போனது. ஊரூராய்த் திரிந்து, 1504இல் காபூலைக் கைப்பற்றிய பிறகே நிலையாக ஓரிடத்தில் அமர முடிந்தது.

ஹிராத் நகர விருந்து

1506இல் அவர் ஹிராத் நகருக்குச் சென்றார். அக்காலத்தில் கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் பேர்போன நகரம் அது. அதை ஏறத்தாழ நாற்பதாண்டு ஆண்ட சுல்தான் ஹுசைன் பைகரா அவ்வாண்டுதான் இறந்திருந்தார். பட்டத்துக்கு வந்த முதல் ஆறேழு ஆண்டுகள் மதுவை விலக்கியிருந்த அந்தச் சுல்தான், பிறகு நாள் தவறாமல் லுஹருக்குப் பின் குடிக்கலானார். லுஹருக்கு முன் குடிப்பதில்லை என்பதுதான் அவருடைய கட்டுப்பாடு! அரசர் காட்டிய வழியில் மக்களும் படையினரும் நகரத்தாரும் சென்றனர். இரண்டு குமாரர்கள் சேர்ந்து ஆட்சி நடத்திய அந்நகரை, மறு ஆண்டே ஷைபானி கான் சுலபமாகப் பிடித்துக்கொண்டார்.

அவ்விரு குமாரர்களும் பாபரை விருந்துக்கு அழைத்தனர். மூத்தவர் பதீஉஸ் ஸமான், விருந்தாளி குடிப்பதில்லை என்று தெரிந்து வற்புறுத்தாமல் விட்டார். இளையவர் முஸப்பர் மிர்ஸாவின் விருந்தில் கிண்ணங்கள் சுற்றி வந்தன. ஹிராத்தைப் போன்ற ஊரில், இத்தனை இன்பங்களும் கைக்கெட்டிய இடத்தில் குடிக்காவிட்டால் வேறெப்போது குடிப்பது என்ற ஆசை 23 வயது வாலிபரின் உள்ளத்தில் எழுந்தது. இதை அவரே எழுதியிருக்கின்றார். ஆயினும் மூத்தவர் வீட்டில் மறுத்ததை இளையவர் வீட்டில் ஏற்றால் மூத்தவரின் மனம் நோகும் என்று காரணம் காட்டி அன்றைக்குத் தப்பினார். அவரைக் காத்தது விருந்து மரியாதை பற்றிய ஒரு சிறு நியாயம். ஆசையோ அப்படியே உள்ளே இருந்தது.

ஹிராத்திலிருந்து காபூலுக்குத் திரும்பிய பயணத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கடுங்குளிரில், மலைவழியில், மார்பளவு பனியை மிதித்துப் பாதை செய்துகொண்டு படை சென்றது. ஓரிடத்தில் ஒரு சிறு குகை தென்பட்டது. உள்ளே வந்து படுக்கும்படி படையினர் அவரை வேண்டினர். தம்முடைய ஆட்கள் பனியில் நிற்கும்போது தாம் மட்டும் கதகதப்பில் உறங்குவது ஆண்மையன்று என்று மறுத்து, வெளியே பனியைத் தோண்டி அதிலே உட்கார்ந்தார். தலையிலும் முதுகிலும் பனி படிந்தது. குகை எல்லோருக்கும் இடங்கொள்ளும் அளவு பெரியது என்று தெரிந்த பின்னரே உள்ளே சென்றார். மனோதிடம் இல்லாதவர்தாம் குடிக்கு அடிமையாவார்கள் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும். இவ்வளவு திடமுள்ளவரையும் மது வீழ்த்திற்று.

பழக்கம் பிடித்துக்கொண்டது

1508 முதல் 1519 வரையுள்ள பாபர் நாமாவின் ஏடுகள் காணாமற் போய்விட்டன. அந்தக் காலத்தில் அவர் மூன்றாம் முறையாகச் சமர்கந்தைப் பிடித்து, 1512இல் மூன்றாம் முறையாகவும் இழந்தார் என்பது வேறு சரித்திரங்களால் தெரிகின்றது. ஏடுகள் மீண்டும் தொடங்கும் 1519இல் நாம் காணும் பாபர் வேறு மனிதர். காலையில் மது, மாலையில் மது, ஆற்றில் படகிலே மது, தோட்டத்திலே மது என்று நாட்குறிப்பு நிரம்பிக் கிடக்கின்றது.

அவ்வாண்டு ஜீலம் நதியருகே பேரா என்னுமிடத்தில் படகில் இஷாவுக்குப் பின்னும் குடித்துவிட்டு, கையில் தீவட்டியைப் பிடித்துக்கொண்டு, குதிரையில் இப்பக்கமும் அப்பக்கமும் சாய்ந்தபடி, கடிவாளத்தைத் தளரவிட்டுப் பாசறைக்குப் பாய்ந்து வந்தார். அன்றிரவு வாந்தியெடுத்தார். மறுநாள் மற்றவர்கள் சொன்னபோது, நடந்தது சிறிதும் நினைவுக்கு வரவில்லை. ஒரு நாட்டின் பாதுகாப்பைச் சுமந்த மனிதர் அவர். குதிரை ஒருமுறை இடறியிருந்தால் மொகலாயர் என்ற பெயரே சரித்திரத்தில் இராது.

இன்னொரு நாள் அவருடைய கூட்டத்தினர் குடித்திருந்தபோது, தோஸ்து முஹம்மது பாகிர் என்பவரைக் குதிரையில் ஏற்றவே முடியவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. அவ்வேளையில் விரோதிகளான ஆப்கானியர் சிலர் தூரத்தே தென்பட்டனர். அமீன் முஹம்மது தர்கான் என்னும் தோழர், அவரும் முழுப் போதையில், நண்பரை எதிரியிடம் விட்டுச் செல்வதைவிடத் தலையை வெட்டிக் கையோடு கொண்டுபோய்விடலாம் என்று யோசனை கூறினார்! எப்படியோ பெரும்பாடுபட்டுக் குதிரையில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தனர். படிக்கையில் நமக்குச் சிரிப்பு வருகின்றது. ஆனால் நண்பனின் கழுத்தை அறுப்பதும் நட்பின் கடமையாகத் தோன்றும் அளவுக்கு மது புத்தியைப் புரட்டிவிடுகின்றதே என்று எண்ணுங்கால் அச்சிரிப்பு நின்றுவிடுகின்றது.

நாற்பது வயதுத் தவணை

தாம் செய்வது பாவம் என்பது பாபருக்கு நன்றாகத் தெரியும். தொழுகையை விடாதவர், ரமளானில் நோன்பு நோற்றவர். ஆகவே மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம் தேவைப்பட்டது. நாற்பது வயதானதும் நிறுத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தார். 1520ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஒரு குறிப்பு மிகவும் கவனிக்கத் தக்கது. ஹிஜ்ரி கணக்கில் அந்த வயதுக்கு ஓராண்டுக்கும் குறைவாகவே இருந்ததால், இருக்கும் நாளில் அளவு கடந்து குடித்துவந்ததாக அவரே ஒப்புக்கொள்கின்றார்.

தவணை சொல்லும் மனத்தின் வேலை இதுவே. நாள் குறித்ததனால் குடி குறையவில்லை, கூடிற்று. நாளை மூடப்போகும் கடையில் இன்றைக்கே கூட்டம் நெரிவதைப்போல, விடப்போகின்றோம் என்ற எண்ணமே அதிகமாகக் குடிப்பதற்கு ஒரு சீட்டு ஆகிவிட்டது.

நாற்பது வந்தது, நாற்பது போயிற்று. அவர் நிறுத்தவில்லை. 1526 ஏப்ரலில் பானிபட்டில், வேலைக்காரர்களையும் சேர்த்துப் பன்னீராயிரம் பேர் கொண்ட படையால் இப்ராஹிம் லோடியின் பெருஞ்சேனையை முறியடித்து, டில்லியும் ஆக்ராவும் கைக்கு வந்தபோதும் மது தொடர்ந்தது. அந்த வெற்றியில் கிடைத்த கஜானாவை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் வாரி வழங்கினார். மக்காவுக்கும் மதீனாவுக்கும் காணிக்கை சென்றது. காபூல் நகரில் ஆண், பெண், குழந்தை அனைவருக்கும் தலைக்கு ஒரு வெள்ளிக்காசு சென்றது. கொடையாளிதான். என்றாலும் எவ்வளவு பெரிய தர்மம் செய்தாலும் அது இந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. கோணியை அவிழ்த்து வாரிக் கொடுத்தவருக்குக் கிண்ணத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

பாத்திரங்கள் உடைந்தன

1527ஆம் ஆண்டு தொடங்கியபோது மேவார் மன்னர் ராணா சங்கா பெரும்படையோடு புறப்பட்டு வந்தார். அவருடன் ஹசன் கான் மேவாத்தியும் லோடி வமிசத்து மஹ்மூதும் சேர்ந்திருந்தனர். ஆகவே எதிரணியில் ராஜபுத்திரர் மட்டுமின்றி முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது. பயானாக் கோட்டையிலிருந்து தோற்று வந்தவர்கள் எதிரியின் வீரத்தை வாய் ஓயாது பேசினர். பாபரின் முன்னணிப் படைப்பிரிவொன்றும் முறியடிக்கப்பட்டது. போதாக் குறைக்குக் காபூலிலிருந்து வந்திருந்த முஹம்மது ஷரீப் என்னும் சோதிடர், செவ்வாய்க் கிரகம் நிற்கும் திசையைக் காட்டி, இப்பக்கத்தார் தோற்பார்கள் என்று கண்டவரிடமெல்லாம் கூறிவந்தார். ஊர் திரும்ப ஏங்கிக்கிடந்த படையினரிடையே கிலி பரவிற்று. தைரியமாக ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

அதே சமயத்தில் காபூலிலிருந்து இன்னொரு சரக்கும் வந்து சேர்ந்திருந்தது. பாபா தோஸ்து என்பவர் மூன்று வரிசை ஒட்டகங்களில் கஜ்னியின் உயர்ந்த மதுவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மது தீர்ந்துபோனதனால் விட்டார் என்று பாபரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. பாசறை நிறையச் சரக்கு இருந்தபோதுதான் விட்டார்.

ஹிஜ்ரி 933, ஜமாதுல் அவ்வல் பிறை 23, திங்கட்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1527 பிப்ரவரி 25. பாசறையைச் சுற்றிப் பார்க்கக் குதிரையேறிச் சென்ற பாபரின் மனத்தில், நெடுநாளாகத் தள்ளிப்போட்டுவந்த தௌபாவின் எண்ணம் தைத்தது. இன்னும் எத்தனை காலம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து, பொன்னாலும் வெள்ளியாலும் செய்த மதுக் கிண்ணங்களையும் குடுவைகளையும் கொண்டுவரச் செய்து உடைத்தார். உடைந்த பொன்னையும் வெள்ளியையும் ஏழைகளுக்கும் பக்கீர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். இருந்த மது தரையில் ஊற்றப்பட்டது. பாபா தோஸ்து கொண்டுவந்த மதுவில் உப்பைப் போட்டுக் காடியாக்கும்படி உத்தரவாயிற்று. மது ஊற்றிய இடத்தில் ஒரு கிணறு தோண்டிக் கல் கட்டவும், அதனருகில் ஒரு தர்மசாலை எழுப்பவும் ஆணை பிறந்தது.

முதலில் அவருடன் சேர்ந்தவர் அஸஸ் என்ற ஒருவர். அன்றிரவும் மறுநாளுமாக அமீர்கள், அரண்மனை ஊழியர், சிப்பாய்கள், சிப்பாய் அல்லாதார் என ஏறக்குறைய 300 பேர் தாமும் விட்டதாக வாக்களித்தனர். அதன் பின்னரே பாபர் படைத்தலைவர்களைக் கூட்டி, மரணம் யாருக்கும் தப்பாது என்பதை எடுத்துரைத்து, திருக்குர்ஆனைத் தொட்டுப் பிரமாணம் செய்யச் சொன்னார். அனைவரும் செய்தனர். மூன்று வாரங்களில், மார்ச் நடுவில், கான்வாக் களத்தில் வெற்றி கிட்டியது.

மதுவை விட்டதனால் போரில் ஜெயம் வந்தது என்று சிலர் சுருக்கமாகச் சொல்லிவிடுவர். பீரங்கியும் துப்பாக்கியும் சங்கிலியால் பிணைத்த வண்டிகளும் அக்களத்தில் செய்த வேலையை நாம் மறைக்கவேண்டியதில்லை. தௌபா செய்த பயன் வேறிடத்தில் இருந்தது. பயந்து கிடந்த ஒரு படையின் முன்னால் அதன் தலைவர் தமக்கு மிகவும் பிரியமானதை எல்லோரும் பார்க்க உடைத்துப் போட்டார். அதற்குமேல் அவர் எதைக் கேட்டாலும் மறுக்க ஆளில்லாமற் போயிற்று.

சுங்கம் நீங்கியது

வணிகர்களாகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு தனிச் செய்தி உண்டு. ராணா சங்காவை வென்றால், முஸ்லிம்களிடம் வசூலிக்கும் தம்கா என்னும் சுங்கத்தை நீக்கிவிடுவதாகப் பாபர் நேர்ந்திருந்தார். வாணிபச் சரக்குகள்மேல் விதிக்கப்பட்டு வந்த இவ்வரி கஜானாவுக்குப் பெரிய வருமானம் தந்தது. ஆனால் ஷரீஅத்தில் இடமில்லாத வரி. மதுவை விட்ட நாட்களில் இந்த நேர்ச்சை நினைவூட்டப்பட, உடனே பர்மான் எழுதப்பட்டது. நகரிலோ, சாலையிலோ, படகுத்துறையிலோ, கணவாயிலோ, துறைமுகத்திலோ தம்கா வாங்கக்கூடாது என்று நாடெங்கும் ஆணை சென்றது. சலுகை முஸ்லிம்களுக்கு மட்டுமே என்பதையும் நாம் உள்ளபடி சொல்லிவிடுகின்றோம்.

இதனால் நட்டம் வரவே செய்தது. 1528 அக்டோபரில் டில்லி, ஆக்ராக் கஜானாக்கள் தீர்ந்துபோய், மானியம் பெறுவோர் ஒவ்வொருவரும் நூற்றுக்கு முப்பது வீதம் போர்ச் செலவுக்குத் திருப்பித் தரவேண்டுமென்று பாபர் உத்தரவிட நேர்ந்தது. வாரி வழங்கிய கொடையும் இதற்கு ஒரு காரணம். எனினும் தம்காவை நீக்கிய ஆணையை அதற்காக அவர் திரும்பப் பெற்றதாக அவருடைய நூலில் இல்லை.

அதன்பின் ஈராண்டு

பெரும்பாலான சரித்திர நூல்கள் கிண்ணம் உடைந்ததோடு கதையை முடித்துவிடுகின்றன. நாம் சொல்ல முன்வந்ததோ இனித்தான் தொடங்குகின்றது.

1529 பிப்ரவரியில் பாபர், காபூலிலிருந்த தம் ஆப்த நண்பர் காஜா கலானுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். காபூல் கோட்டையைப் பழுதுபார்ப்பது, தோட்டத்தில் மரம் வைப்பது முதலிய காரியங்களுக்கிடையே தம் நெஞ்சையும் திறந்து காட்டினார். மதுவை விட்டபின் முதல் ஈராண்டும் அதன்மேல் எழுந்த ஏக்கம் தம்மைப் பலமுறை அழுகையின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டது என்றார். விட்டதையெண்ணி வருந்தும் மனநிலையைப் பாட்டாகவும் முன்பே எழுதியிருந்தார். ஒரு முலாம்பழத்தை அறுத்துத் தின்றபோது கண்ணீர் பெருகிவிட்டதென்றும் அக்கடிதம் சொல்லுகின்றது. நாடு, நண்பர், மது மூன்றும் அவர் நினைவில் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. ஒன்றைத் தொட்டால் மற்றவையும் வலித்தன.

ஆனால் இவ்வாண்டு அல்லாஹ்வின் அருளால் அந்த ஏக்கம் நீங்கிவிட்டதென்றும் எழுதினார். அதற்கு அவர் கண்ட காரணம் கவனிக்கத் தக்கது. 1528 நவம்பரில் காய்ச்சலில் கிடந்தபோது, காஜா உபைதுல்லாஹ் அஹ்ரார் அவர்கள் எழுதிய வாலிதிய்யா என்னும் ரிஸாலாவைத் துருக்கிப் பாட்டாக மொழிபெயர்க்கத் தொடங்கினார். நாள்தோறும் இத்தனை அடி என்று வைத்துக்கொண்டு எழுதினார். அந்தப் பணியின் பரக்கத்தாலேயே ஏக்கம் அகன்றிருக்கலாம் என்பது அவர் எண்ணம். சிறு வயதில் தமக்கு நல்வழி காட்டிய காஜா காஜியின் குருநாதர்தாம் இந்த அஹ்ரார் அவர்கள். முதலில் தம்மைக் காத்த அதே வழியில்தான் கடைசியிலும் வந்து சேர்ந்தார்.

கிண்ணத்தை உடைக்க ஒரு நாள் போதுமாயிருந்தது. ஆசை அடங்க ஈராண்டு பிடித்தது. அந்த ஈராண்டிலும் அவர் கேலிக்கும் சலிப்புக்கும் இடங்கொடுத்தாலும் கிண்ணத்துக்கு இடங்கொடுக்கவில்லை. விட்டும் ஆசை போகவில்லையே, நம் தௌபா கபூலாகவில்லை போலும் என்று மனமொடிந்து மீண்டும் குடிக்கப் போவோர் உண்டு. ஆசை வருவது வேறு, குடிப்பது வேறு என்பதற்குப் பாபரின் அந்தக் கடிதம் சாட்சி.

ஒரு குறை

உண்மையை எழுதிய மனிதரைப் பற்றி நாம் பொய் எழுதலாகாது. பாபர் மதுவை விட்டாரேயன்றி, மஃஜூன் எனப்பட்ட போதை லேகியத்தை விடவில்லை. 1527க்குப் பின்னும் அதை உண்டதாக அவர் குறிப்பிலேயே காண்கின்றோம். ஒரு போதையை விட்டவர் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது இன்றும் நடக்கக் காண்கின்றோம். அவ்வளவில் அவர் தௌபா அரைகுறையே. மதுவைத் துறந்த விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றுவோம். மற்றதில் எச்சரிக்கை கொள்வோம்.

1530 டிசம்பர் 26இல், 47ஆம் வயதில், ஆக்ராவில் பாபர் காலமானார். முதலில் அங்கே அடக்கப்பட்டுப் பின்னர், அவர் நேசித்த காபூல் தோட்டத்தில் மறு அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கபுரு இன்றும் அங்கே இருக்கின்றது.

வழிவந்தவர்கள்

பாபர் தாம் பட்டதை எழுதி வைத்தார். பேரர் அக்பரின் ஆணையால் 1589இல் அப்துர் ரஹீம் கானிகானான் அதனைப் பார்சியில் பெயர்த்தார். அரண்மனையில் அந்நூல் இருந்தும் பிள்ளைகளுக்குப் பாடம் ஆகவில்லை. அக்பரின் குமாரர் முராது 1599இல் குடியால் மாண்டார். இன்னொரு குமாரர் தானியால் 1605இல் அதே விதமாக இறந்தார். தந்தை காவல் போட்டுத் தடுத்தும், துப்பாக்கிக் குழாயில் ஒளித்துச் சாராயம் வரவழைத்துக் குடித்தார் அவர். மூத்த குமாரர் ஜஹாங்கீர் 18 வயதில் தொடங்கி, நாளடைவில் இருமுறை வடித்த சாராயம் நாளுக்கு இருபது கிண்ணம் என்ற அளவுக்குப் போனார். கை நடுங்கியதால் கிண்ணத்தைப் பிறர் பிடித்துக் குடிப்பாட்ட வேண்டியிருந்தது. ஹக்கீம் ஹுமாம் என்னும் வைத்தியர் கண்டித்த பிறகு படிப்படியாகக் குறைத்தார், முற்றும் விடவில்லை. 1605இல் பட்டத்துக்கு வந்ததும் நாட்டில் மது செய்யலாகாதென்று ஆணையிட்டவரும் இவரே! தாம் 18 வயது முதல் குடிப்பவர் என்பதை அவ்வாணையை எழுதும் இடத்திலேயே ஒப்புக்கொண்டார். தடை வேலை செய்யவில்லை. தம் கிண்ணத்தை உடைத்த கொள்ளுப்பாட்டனாருடன் ஓரிரு நாளில் 300 பேர் சேர்ந்தார்கள் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நமக்கு

அன்பர்களே! குடி நமக்கு ஹராம் என்று நாம் எல்லோரும் அறிவோம். அறிந்திருப்பதனாலேயே நம் சமூகத்தில் குடிப்பவர் ஒளிந்து குடிக்கின்றார். கடையைப் பூட்டியபின், பெண்டு பிள்ளைகள் ஊரிலிருக்க, தனியறையில் தொடங்குகின்ற பழக்கம் அது. தெரிந்தவர்கள் மானம் கருதி மூடி மறைக்கின்றனர். வியாபாரம் நொடித்த பின்னரே வெளியே தெரிகின்றது. பாபர் தம் இழிவை மறைக்காமல் எழுதியும், விட்டதைப் பலரறியச் செய்தும் காட்டிய வழி நமக்குப் பாடமாக வேண்டும்.

விட நினைக்கும் சகோதரர் நாள் குறிக்க வேண்டாம். ஹஜ்ஜுக்குப் போய்வந்த பின், மகளின் நிக்காஹ் முடிந்த பின், புதுக்கணக்குப் போட்ட பின் என்று தவணை சொல்ல வேண்டாம். நாற்பது வயதுத் தவணை பாபருக்கு எப்படிப் போயிற்று என்பதைப் பார்த்தோம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடமேனும் சொல்லிவிட்டு விடட்டும். வீட்டிலிருப்பதைக் கொட்டிவிடட்டும். மாலை வேளைக்கு ஒரு வேலையை வைத்துக்கொள்ளட்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் சிலருக்கு வலிப்பும் வருவதுண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் அத்தகையவர் முதலில் டாக்டரைக் காண்பது அவசியம். இதில் வெட்கம் வேண்டாம்.

மற்றவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. அன்று பாபருடன் முதலாவதாகச் சேர்ந்த அஸஸ் ஒரு தனி மனிதரே. அவருக்குப் பின் 300 பேர் வந்தனர். நம் கடையில், நம் தெருவில், விடத் துடிக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்காரும் முதல் மனிதராக நாம் இருந்தால் போதும். பழைய கதையைக் கிளறிக் கேலி பேசாமல், ஈராண்டு ஆயினும் பொறுமையோடு துணை நிற்போம். வல்ல நாயன் அவருக்கும் நமக்கும் உறுதியைத் தந்தருள்வானாக. ஆமீன்.